நாற்பத்தொன்றாவது அடி

சித்தி தன் பட்டத்தை ஒரே ஒரு கிரெடிட்டில் தவறவிட்டிருந்தாள். எட்டு வருடத்துக்கு முன் எல்லாப் பாடங்களையும் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியவள், உடற்கல்வி வகுப்பை மட்டும் முதல் நாளோடு விட்டுவிட்டு ஓடி வந்துவிட்டாள். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போனதாம். பின்னால் நின்ற யாரோ சிரித்தார்களாம். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்ததில் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர் வேலை கிடைத்தது. எட்டு வருடம் ஓடிப்போயிற்று.

இப்போது அதே அலுவலகத்தில் கள அளவையாளர் இடம் ஒன்று காலியாகியிருந்தது. அதற்குப் பட்டச் சான்றிதழ் வேண்டும். கல்லூரி விதிப்படி, சேர்த்து வைத்த கிரெடிட்டெல்லாம் எட்டு வருடம் வரைதான் செல்லும். இந்தப் பருவம் முடிந்தால் சித்தி படித்த அத்தனையும் காலாவதி.

"எட்டு வருஷமா நான் நின்னுகூடப் பாக்காத நிலத்தையெல்லாம் உக்காந்து வரைஞ்சுட்டு இருக்கேன்டி," என்றாள். "ஒரே ஒரு தடவைதான் வெளிய கூட்டிட்டுப் போனாங்க. அதுவும் அளவுக் கம்பு பிடிக்க."

காலை ஒன்பது மணிக்கு அவள் அலுவலகத்தில் இருக்க வேண்டும். ஏழு மணிக்கு நடக்கும் உடற்கல்வி வகுப்புகள் இரண்டே இரண்டு. ஒன்று நீச்சல், அது நிரம்பிவிட்டது. இன்னொன்று குழு நடனம். அங்கேயே படித்துக்கொண்டிருந்த நான் அதில் ஏற்கெனவே சேர்ந்திருந்தேன்.

"சித்தி, வேண்டாம். நீ கல்யாண வீட்டுல ஆடிப் பாத்திருக்கேன்."

"அது ஆட்டமில்ல. செருப்புல கல்லு."

இப்படித்தான் நானும் என் சித்தியும் ஒரே வகுப்புத் தோழிகளானோம். முதல் நாள் வருகைப் பதிவில் நான் வாய்தவறி "சித்தி, இங்க வா" என்று கூப்பிட்டுவிட்டேன். அன்றிலிருந்து வகுப்பு முழுவதற்கும் அவள் சித்திதான். உயரம் தாண்டுகிறவன் ஒருவன் இருந்தான். கழுத்து நீளம் என்பதால் எல்லோருக்கும் ஒட்டகம். அவன் சித்தியைவிட ஏழெட்டு வயது சிறியவன் என்றாலும் பார்க்க அவள் மாமா மாதிரி இருப்பான். அவனும் கூச்சமே இல்லாமல் "சித்தி, தண்ணி பாட்டில் குடுங்க" என்பான்.

நடனத்துக்கென்று தனி அறை எங்கள் கல்லூரியில் இல்லை. உள்விளையாட்டரங்கத்தில்தான் வகுப்பு. பெரிய மரத்தரை, உயரத்தில் ஜன்னல்கள், பக்கச் சுவரில் ஏறிப் பழகும் மரப்படிச் சட்டம், ஒரு பக்கம் மேலே பார்வையாளர் மாடம். தரை முழுவதும் கோடுகள். கூடைப்பந்துக்கு மஞ்சள், இறகுப்பந்துக்குச் சிவப்பு, கைப்பந்துக்கு நீலம். வெள்ளைக் கோடுகள் எந்த விளையாட்டுக்கு என்று யாருக்குமே தெரியாது. அதை ஆடியவர்கள் எப்போதோ படித்து முடித்துப் போய்விட்டார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக நான்கு நகரங்களின் தெருக்களை வரைந்து வைத்தது போல இருக்கும். காலை வெயில் ஜன்னல் வழியாக இறங்கும்போது சில நேரம் நான் அடியை மறந்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

நடன ஆசிரியை குள்ளமானவர். குரல் மட்டும் அரங்கத்தின் கூரையைத் தொடும். அவர் எட்டுப் பேருக்காக ஒரு நடனம் அமைத்திருந்தார். அறுபத்து நான்கு அடிகள். பாட்டு கிடையாது, ஒலிபெருக்கியில் தாளம் மட்டும். எட்டுப் பேரும் பிரிந்து, சேர்ந்து, ஒருவரை ஒருவர் கடந்து, கடைசியில் ஒரு விசிறி போல விரிந்து தேர்வாளரைப் பார்த்து நிற்க வேண்டும்.

முதல் இரண்டு வாரம் சித்தி எல்லோர் மீதும் இடித்தாள். ஒட்டகத்தின் விலாவில் முழங்கையால் குத்தினாள். ஒருமுறை நாங்கள் எல்லோரும் இடப்பக்கம் போக, அவள் மட்டும் வலப்பக்கமாகக் கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"அப்படியே ஆபீசுக்குப் போயிடாதீங்க!" என்று ஆசிரியை கத்தினார்.

மூன்றாவது வாரம் சித்தி ஒரு சுருட்டிய தாளோடு வந்தாள். மெல்லிய, ஒளி ஊடுருவும் தாள். அலுவலகத்தில் வரைபடம் வரைவது. விரித்ததும் எல்லோரும் சுற்றிக் குனிந்தோம். அரங்கத்தின் தரை முழுவதும் அதில் இருந்தது. நூறில் ஒரு பங்கு அளவில், நான்கு நிறக் கோடுகளும் அப்படியே. அதன்மேல் எட்டுப் பேரின் பாதைகள், ஒவ்வொரு அடிக்கும் எண் போட்டு, மயிரிழை மாதிரி.

"உயிரை விட்டு அளந்தேன்," என்றாள் சித்தி. "இதுல பாரு. பதினேழாவது அடி. சிவப்பும் நீலமும் வெட்டிக்குற இடம், இடது கால். பதினெட்டு, மஞ்சள் வளைவுக்கு உள்ளாற. இனிமே யாரும் யோசிக்க வேண்டாம். கோட்டை மட்டும் பாத்தா போதும்."

"சித்தி, நீங்க மனுஷியே இல்ல," என்றான் ஒட்டகம். அதைப் பாராட்டாகத்தான் சொன்னான்.

எல்லோரும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். அதன் பிறகு யாரும் யாரையும் இடிக்கவில்லை. எட்டுப் பேரும் கடிகாரத்துக்குள் இருக்கும் பல்சக்கரங்கள் மாதிரி நகர்ந்தோம். ஆசிரியைக்கு மட்டும் ஒரு குறை.

"எல்லாம் சரியா இருக்கு, ஆனா ஏன் எல்லாரும் கீழயே பாக்கறீங்க? தரையில என்ன, ஊசியா தேடறீங்க? தலையைத் தூக்குங்க!"

நாங்கள் தலையைத் தூக்குவோம். மூன்று அடி வரை. பிறகு மறுபடியும் கீழே. வெட்கப்படுகிறோம் என்று அவர் நினைத்துக்கொண்டார். வரைபடத்தைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தேர்வுக்கு முன்னால் மூன்று நாள் விடுமுறை வந்தது. தேர்வு நாள் காலை நானும் சித்தியும் சீக்கிரமே போய்விட்டோம். சித்தி அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு போட்டிருந்தாள். பையில் வரைபடம், அளவு நாடா, சுண்ணக்கட்டி, ஒரு வாழைப்பழம். கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள். நான் அவள் முதுகில் மோதினேன்.

தரையில் ஒன்றுமே இல்லை.

மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, நீலம் இல்லை. அரங்கத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை புதிதாக அறுத்த மரம் போல வெளிறிய தரை. ஜன்னல் வெயில் அதில் விழுந்து தடுக்க எதுவும் இல்லாமல் எதிர்ச் சுவர் வரை போயிருந்தது. மரத்தின் வாசம். நான் அவ்வளவு பெரிய வெறுமையை ஒரு கட்டடத்துக்குள் பார்த்ததில்லை. தெருக்கள் எல்லாம் அழிந்து, நகரங்களுக்கு முன்பு அங்கே என்ன இருந்ததோ அது வெளியே வந்து கிடப்பது போல இருந்தது. மூச்சுகூட மெதுவாக விட்டேன்.

"எங்க போச்சு?" என்றாள் சித்தி, மிக மெல்லிய குரலில்.

அரங்கக் காவலர் அகலமான தள்ளு துடைப்பத்தோடு மூலையில் நின்றிருந்தார். "மழைத்தண்ணி இறங்கிப் பலகையெல்லாம் பொங்கிருச்சும்மா. மூணு நாளா மெஷின் வெச்சுத் தேய்ச்சாங்க. நாளைக்கு வார்னிஷ். அப்புறம்தான் கோடு போடுவாங்க. தூசியை எவ்வளவு தள்ளினாலும் மறுபடி வந்து உக்காருது பாருங்க."

மற்ற ஆறு பேரும் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருவராக வாசலில் நின்று தரையைப் பார்த்து, பிறகு சித்தியைப் பார்த்தார்கள். ஒரு பெண் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

சித்தி பையிலிருந்து அளவு நாடாவையும் சுண்ணக்கட்டியையும் எடுத்தாள். "இருபது நிமிஷம் இருக்கு. முக்கியமான வெட்டுப் புள்ளியை மட்டும் குறிச்சுடலாம். ஒட்டகம், அந்த முனையைப் பிடி."

"அம்மா, அம்மா!" காவலர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "பச்சை மரம்மா இது. சுண்ணாம்பு பட்டா குடிச்சுரும். அப்புறம் போகவே போகாது. என் வேலை போயிரும்."

சித்தியின் கையிலிருந்த சுண்ணக்கட்டி பைக்குள் திரும்பிப் போனது.

அப்போதுதான் ஆசிரியை வந்தார். நாங்கள் ஏன் பிணம் மாதிரி நிற்கிறோம் என்று கேட்டார். வேறு வழியில்லாமல் சித்தி வரைபடத்தை விரித்துக் காட்டினாள். அவர் அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வேறு மாதிரி ஆயிற்று.

"பதினாறு வாரம்," என்றார். "நான் உங்களுக்கு நடனம் சொல்லிக் குடுத்துட்டு இருக்கேன்னு நினைச்சேன். நீங்க தரையைப் படிச்சிருக்கீங்க."

"நாளைக்கு வெச்சுக்கலாமா மிஸ்?" என்றான் ஒட்டகம்.

"வெளித் தேர்வாளர் வந்துட்டார். இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள மதிப்பெண் ஏறணும். இன்னையோட பருவம் முடியுது." சொல்லிவிட்டு அவர் சித்தியைப் பார்க்காமல் இருக்க முயன்றார். அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

சித்தி தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் வெறும் பலகையை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தாள். மாவு போன்ற மரத்தூள் அவள் கையில் ஒட்டியது.

"அன்னைக்கும் இப்படித்தான் இருந்துச்சு," என்றாள் திடீரென்று.

"என்னைக்கு?"

"என்னை வெளிய கூட்டிட்டுப் போனாங்களே, கம்பு பிடிக்க. வெள்ளம் வந்து வடிஞ்ச இடம். எல்லைக் கல்லு எல்லாம் ஆத்தோட போயிருச்சு. வெறும் மணல். வரைபடம் கையில இருக்கு, ஆனா எதுலருந்து அளக்கறது? அப்புறம் அந்தந்த நிலத்துக்காரங்களையே கூப்பிட்டு நிக்க வெச்சாங்க. ஒரு ஆளை வெச்சு அடுத்த ஆளை அளந்தோம். ரெண்டு பேர் நிக்கற இடம் தெரிஞ்சா மூணாவது ஆள் எங்க நிக்கணும்னு தானா வந்துரும்."

அவள் எழுந்துவிட்டாள். வரைபடத்தைத் தரையில் விரித்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கவராயம் மாதிரி வைத்து மளமளவென்று அளந்தாள். "எல்லாரும் வாங்க. தரையை மறந்துருங்க. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு ஆளு. அந்த ரெண்டு பேருக்கும் உனக்கும் எவ்வளவு தூரம், அது மட்டும்தான் கணக்கு. ஒட்டகம், உனக்கு நானும் இவளும். முதல் பதினாறு வரைக்கும் என்கிட்டருந்து ரெண்டு கை நீளம், இவகிட்டருந்து மூணு. கடக்கும்போது ஒரு கை. புரியுதா?"

"அப்ப முதல் ஆளு யாரை வெச்சு நிப்பாங்க?" என்று அழுத பெண் கேட்டாள்.



"சித்திதான் முதல் கல்லு," என்றான் ஒட்டகம். "வேற யாரு?"

அவள் வழி தவறினால் எட்டுப் பேரும் தவறுவோம். மற்றவர்களுக்கு அடுத்த பருவம் இருக்கிறது.

தேர்வாளர் உள்ளே வந்தார். வேறொரு கல்லூரியில் ஈட்டி எறிதல் பயிற்சியாளர். ஒரு தோள் மற்றதைவிடப் பெரியது. நடனத்தைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது என்பதை மறைக்காத முகம். மேசையில் மதிப்பெண் தாளை வைத்து, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து, "ஆரம்பிங்க" என்றார்.

தாளம் ஒலித்தது.

முதல் அடியில் நான் கீழே பார்த்தேன். அங்கே எதுவும் இல்லை. நிமிர்ந்தேன். சித்தியின் முகம் இருந்தது. இத்தனை வாரத்தில் நடனத்தின் நடுவே அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கண்கள் அகல விரிந்து, உதடுகள் எண்ணிக்கொண்டு. இரண்டு கை தூரம். நான் நகர்ந்தேன். ஒட்டகம் என் பக்கம் வந்தான், மூன்று கை. அந்தத் தூரம் கண்ணால் தெரிவதற்கு முன்பே தோளில் தெரிந்தது. பின்னால் வந்து யாரோ நின்றால் முதுகுக்குத் தெரியுமே, அப்படி.

பதினேழு. பதினெட்டு. சிவப்பும் நீலமும் வெட்டிக்கொண்ட இடம் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டுப் பேரின் பாதங்களும் ஒரே நேரத்தில் மரத்தில் விழுந்தன. எட்டு மூச்சும் ஒரே நேரத்தில் ஏறின. கோடுகளோடு ஆடியபோது நாங்கள் எட்டுத் தனித்தனி ஆட்கள், அவரவர் தெருவில் போனோம். இப்போது நடுவில் கண்ணுக்குத் தெரியாத நூல்கள் இருந்தன. ஒருவர் சாய்ந்தால் எல்லா நூலும் இழுபட்டது. அழுத பெண் என்னைக் கடந்து போனபோது பல் தெரியச் சிரித்தாள். அந்த வெளிறிய தரை எங்கள் கீழே எவ்வளவு பெரிதாகக் கிடந்தது! தண்ணீரின் மேல் நடப்பவர்களுக்குத்தான் இப்படி இருக்கும் என்று தோன்றியது.

நாற்பத்தொன்றாவது அடியில் அரைவட்டம் திரும்ப வேண்டும். திரும்பினால் தேர்வாளரின் மேசை நேர் எதிரே வரும்.

சித்தி கால்வட்டம்தான் திரும்பினாள்.

அவளுக்கு எதிரே பக்கச் சுவர். மரப்படிச் சட்டம். எனக்குச் சரியான திசை தெரியும். மேசை என் கண்ணோரத்தில் இருந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பினால் நான் சரி. ஒட்டகம் என்னைப் பார்த்துத் திரும்பினால் அவனும் சரி. ஏழு பேர் சரியாக நின்று, சித்தி ஒருத்தி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். எட்டு வருடத்துக்கு முன்னால் நின்ற மாதிரியே.

இரண்டு கை தூரம். நான் சித்தியோடு சுவர்ப் பக்கம் திரும்பினேன். ஒட்டகத்தின் நீளக் கழுத்து ஒரு கணம் மேசைப் பக்கம் போய், பிறகு எங்களோடு வந்தது. அவனுக்குப் பின்னால் மற்றவர்கள். ஒரு பறவைக் கூட்டம் வானத்தில் திரும்புமே, யார் முதலில் திரும்பியது என்று சொல்ல முடியாமல், அப்படி எட்டுப் பேரும் தேர்வாளருக்கு விலாவைக் காட்டிக்கொண்டு தவறான திசையில் ஆடினோம். ஒருவர்கூட இடறவில்லை.

நாற்பத்தைந்தாவது அடியில் நாற்காலி தேயும் சத்தம் கேட்டது.

போச்சு, எழுந்து போகிறார் என்று நினைத்தேன். சித்தியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவள் கண் மூடித் திறந்தது. ஆனால் கால் நிற்கவில்லை. ஐம்பது. ஐம்பத்தொன்று. அப்போது தேர்வாளர் எங்கள் கண்ணெதிரே வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, மறு கையில் மதிப்பெண் தாள், ஷூவைக் கழற்றிவிட்டு, தூசியில் கால் வழுக்காமல் ஓரமாக நடந்து, மரப்படிச் சட்டத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு முறைகூடத் தாளைக் குனிந்து பார்க்கவில்லை.

அறுபத்து நான்கில் விசிறி விரிந்தது. அவருக்கு நேர் எதிரே.

தாளம் நின்ற பிறகும் யாரும் அசையவில்லை. பாதங்கள் எழுப்பிய மரத்தூள் வெயில் கற்றைகளில் மெதுவாகச் சுழன்றது. அரங்கக் காவலர் துடைப்பத்தை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்றார். எங்கள் ஆசிரியை, கூரையைத் தொடும் குரல் உள்ளவர், கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்.

மதிப்பெண் போடும் வரை வெளியே இருக்கச் சொன்னார்கள். சித்தி வெளியே போகாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மாடத்துக்குப் படியேறினாள்.

மேலிருந்து பார்த்தேன். தூசி படிந்த தரை முழுவதும் எங்கள் பாதச் சுவடுகள். எட்டுப் பேரின் அடிகள் பிரிந்து, வளைந்து, ஒன்றையொன்று வெட்டி, திரும்ப விலகி, சாய்வெயிலில் ஒவ்வொரு விரலும் தனியாகத் தெரிந்தது. சித்தியின் வரைபடம்தான் அது. ஆனால் பாதியில் ஒரு மூலையில் முறுக்கி, வேறு திசைக்குத் திருப்பிவிட்டது போல.

சித்தி கம்பியில் சாய்ந்து விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். "முப்பத்தொம்பது. நாப்பது. அதோ. அங்கதான்டி. அரைவட்டம் போட வேண்டிய இடத்துல கால்வட்டம்." ஒரு ஜோடி சுவடு மற்றவற்றைவிட ஆழமாக இருந்தது.

"நீ எப்பவும் எண்ணுவியே சித்தி. எப்படி விட்ட?"

"உங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டேன்," என்றாள். "நாப்பது வரைக்கும் எண்ணினேன். அப்புறம் எண்ணணும்கறதே மறந்துபோச்சு."

ஆசிரியை கீழே இருந்து எங்களைத் தேடி, கண்டுபிடித்து, படியேறி வந்தார். மூச்சிரைக்க மதிப்பெண் தாளைச் சித்தியிடம் நீட்டினார். தாளம், ஒருங்கிணைவு, அடி, எல்லாவற்றுக்கும் எதிரே எண்கள். சித்தி எதையும் படிக்காமல் கடைசி வரியைத் தேடினாள். தேர்ச்சி. பிறகுதான் மேலே பார்த்தாள். 'முன்பக்கம் நோக்கி முடித்தல்' என்ற வரிக்கு எதிரே ஐந்துக்கு ஐந்து.

"நான் கேட்டேன், சார், அவங்க முன்பக்கம் பாக்கலையேன்னு," என்றார் ஆசிரியை. "அதுக்கு அவர் சொல்றார், 'நாங்க ஈட்டிக்காரங்க மேடம். எந்தப் பக்கம் போய் விழுதோ அங்க ஓடிப்போய்த்தான் பாப்போம்'னு."

சித்தி சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். கையிலிருந்த மரத்தூள் கன்னத்தில் ஒட்டியது.

"சித்தி!" காவலர் கீழே இருந்து கூப்பிட்டார். அவருக்கும் அவள் சித்தியாகிவிட்டாள். "பாத்தாச்சா? தள்ளிறலாமா? வார்னிஷ்காரங்க வர்றதுக்குள்ள சுத்தம் பண்ணணும்."

சித்தி முகவாயைக் கம்பியில் வைத்துத் தரையை இன்னொரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். வரைபடத்தாள் அவள் பையில் சுருட்டியபடி இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

"தள்ளுங்கண்ணே," என்றாள்.

அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, நாற்பத்தொன்றாவது அடிக்கு மிகத் தூரத்தில் இருந்த மூலைக்கு நடந்து போய், அங்கிருந்து ஆரம்பித்தார்.